முப்பது தடவை ஈக்வல்ஸ்

ஒரு இயந்திரத்தின் வாயை மூடுவது இவ்வளவு பெரிய பாடு என்று தங்கைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டாள், அது வேறு விஷயம். "அஞ்சு நிமிஷ வேலைண்ணா" என்று திங்கட்கிழமை சாயங்காலம் அண்ணனிடம் வாயை விட்டவளே அவள்தான். ப்ரோக்ராம் எழுதிப் பிழைக்கிறவர்கள் ஐந்து நிமிஷம் என்று சொன்னால், கேட்கிறவர்கள் பேசாமல் ஐந்து நாளை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். இது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது, பாவம், நம்பிவிட்டான்.

விஷயம் இதுதான். அண்ணன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னலோர மேஜை. ஆஸ்பத்திரியில் யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'எக்ஸ்சேஞ்சு' என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது. நானூறு உள் நம்பர்களும் அவனுக்கு மனப்பாடம். ஒரு நர்ஸ் 'ஹலோ' என்று பாதி சொல்வதற்குள் அவள் எந்த வார்டு, இன்று என்ன கோபம் என்பது வரைக்கும் சொல்லிவிடுவான்.

வெளியிலிருந்து வருகிற போனில் பாதி ஒரே கேள்விதான். 'எங்கப்பாவை ஆம்புலன்ஸ்ல கொண்டுவந்தாங்களாம், எந்த வார்டு?' அதற்குப் பதில், அவசர சிகிச்சைப் பிரிவில் கையால் எழுதுகிற அட்மிஷன் சீட்டில் இருக்கும். அந்த விவரம் கம்ப்யூட்டரில் ஏற அரை நாள் ஆகும். அதுவரை சீட்டின் படம் மட்டும்தான் எக்ஸ்சேஞ்சுக்கு வரும். அதை வாசித்துச் சொல்வதற்கு அண்ணன் பக்கத்தில் ஒரு கிளார்க் இருந்தார். போன மாதம் அவர் ரிட்டயர் ஆனார். அந்த இடத்துக்கு இனிமேல் ஆள் போட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

நிர்வாக அதிகாரி நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார்களே, அந்த ரகம். "அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம், கிளார்க் இல்லாம வச்சுப் பாக்கறேன். கேட்டவங்களுக்கு இருபது செகண்டுக்குள்ள வார்டைச் சொல்ல முடிஞ்சா நீங்க இங்கயே இருங்க. முடியலன்னா பின்னாடி ஸ்டோர்ல ஒரு சீட் போட்டுத் தரேன். சம்பளத்துல கை வைக்க மாட்டோம்" என்றார்.

"ஸ்டோர்ல எனக்கு என்ன சார் வேலை?" என்று அண்ணன் கேட்டான்.

"வேலையா?" அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "உக்காந்திருங்க."

இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அண்ணிதான் சிரிக்கவில்லை. அண்ணி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், அறுபது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிறவள். அவள் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்ததைத் தங்கை பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க உட்கார வைத்தால் இந்த மனுஷன் ஒரு வருஷம் தாங்க மாட்டான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அதனால்தான் தங்கை இறங்கினாள். அவள் வேலை பார்ப்பது லிஃப்ட் கம்பெனியில். எந்த லிஃப்ட் எப்போது மக்கர் பண்ணும் என்று முன்கூட்டியே சொல்கிற ப்ரோக்ராம் எழுதுகிறாள். அதற்காகப் பழகிய லைப்ரரி ஒன்று உண்டு. யாரோ எழுதி உலகத்துக்கே விட்டுவைத்த ப்ரோக்ராம் தொகுப்பு, படத்தைக் காட்டினால் எழுத்தை அடையாளம் கண்டுபிடிக்கும். அதை வைத்து ஒரு வாரத்தில் ஒன்று எழுதிவிட்டாள். அண்ணன் நோயாளியின் பெயரை டைப் செய்து என்டர் தட்டினால், அது அன்றைய சீட்டுப் படங்களையெல்லாம் படித்துப் பார்த்து வார்டு நம்பரைத் திரையில் போடும். திரையில் விழுவதை வாய்விட்டுப் படிக்க அண்ணனிடம் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, அந்தக் குரல்தான் அவனுக்குக் கம்ப்யூட்டர். அதை அவன் வைத்திருக்கும் வேகத்தில் நாம் கேட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுவது போல இருக்கும். அவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

திங்கட்கிழமை சாயங்காலம், அண்ணன் வீட்டு மேஜையில், பழைய சீட்டு பதினைந்தைப் போட்டு முதல் தடவை ஓட்டினார்கள். டப்பா உருண்டது. உருண்டது, உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னண்ணா சொல்லுது?"

"ஒன் ஸ்லாஷ் ஒன், ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ்... எண்ணிட்டேன், ஒரு சீட்டுக்கு முப்பது ஈக்வல்ஸ். பதினஞ்சு சீட்டுக்கு நானூத்தி அம்பது. அதுக்கு முன்னாடி வேற ஏதோ பெரிய பிரசங்கம். எல்லாம் முடிஞ்சப்புறம் வார்டு நம்பர் வருது. அதுக்குள்ள அந்தாளோட அப்பா குணமாகி வீட்டுக்கே போய்ச் சேந்துடுவாரு."

தங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. லைப்ரரி கெட்டிக்காரத்தனமானதுதான், ஆனால் சரியான ஓட்டை வாய். ஆரம்பிக்கும்போதே, இந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன வசதி இருக்கிறது, அடுத்த பதிப்பில் எதெல்லாம் இருக்காது என்று நாலு பத்தி புலம்பும். பிறகு ஒவ்வொரு படத்துக்கும், வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்ட ஈக்வல்ஸ் குறிகளால் ஒரு கோடு போடும். லிஃப்ட் கம்பெனியில் இதையெல்லாம் யாரும் சட்டை செய்வதில்லை, கண் அதைத் தாண்டிக் கடைசி வரிக்குப் போய்விடும். காதுக்கு அப்படித் தாண்டத் தெரியாது, வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும்.

"அஞ்சு நிமிஷ வேலைண்ணா" என்றாள். சொன்னாளா இல்லையா?

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த ஆரம்பப் புலம்பலோடு போனது. இணையத்தில் தேடினால் பதில் உடனே கிடைத்தது. 'இந்த ஒரு வரியைப் போடுங்கள், வாயை மூடிக்கொள்ளும்' என்று எவனோ எழுதியிருந்தான், அதற்கு ஆயிரம் பேர் நன்றி சொல்லியிருந்தார்கள். போட்டாள். புலம்பல் நிற்கவில்லை. அந்த வரியில் வைக்கிற எண்ணுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று நிலை உண்டு, மூன்றுதான் கடுமையானது. மூன்றையும் வைத்துப் பார்த்தாள். ம்ஹூம். எழுத்துக்கு எழுத்து சரிபார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். ஆயிரம் பேருக்கு வேலை செய்தது தனக்கு மட்டும் ஏன் செய்யவில்லை என்று கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழித்தாள்.

புதன்கிழமை மத்தியானம்தான், அந்தப் பதிலுக்குக் கீழே அறுபது பேருக்கு அப்புறம் ஒரு புண்ணியவான் எழுதியிருந்ததைப் பார்த்தாள். அந்த வரியை, லைப்ரரியை உள்ளே கூப்பிடும் வரிக்கு முன்னால் எழுத வேண்டுமாம். இவள் பின்னால் எழுதியிருந்தாள். குழந்தை தூங்குகிறது, மெதுவாகப் பேசுங்கள் என்று குழந்தை எழுந்து அழ ஆரம்பித்த பிறகு சொன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? வரியைத் தூக்கி மேலே வைத்தாள். புலம்பல் நின்றது. ஒன்றரை நாள் போனதும் போனதுதான்.

சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்ததும் ஈக்வல்ஸ் கோட்டில் கை வைத்தாள். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பத்து நிமிஷத்தில் முடிந்தது. ஓட்டினாள். வெள்ளைத் திரையில் வார்டு நம்பர் மட்டும் தன்னந்தனியாக நின்றது. ஈக்வல்ஸ் மருந்துக்குக்கூட இல்லை.

"முடிஞ்சுதுண்ணா!" என்று கையைத் தட்டினாள்.

"எங்க முடிஞ்சுது? இன்னும் பேசுதே" என்றான் அண்ணன்.

"என்னது?"

"ஈக்வல்ஸ் ஈக்வல்ஸ்னு அப்படியே சொல்லுது. ஒண்ணுகூடக் குறையல."

தங்கை திரையை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி ஓட்டினாள். டப்பா உருண்டது, திரை சுத்தமாகவே இருந்தது.

"அண்ணா, ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. நான் என் கண்ணால பாக்கறேன்."

"நான் என் காதால கேக்கறேன்."

"ஸ்கிரீன்ல இல்லாததை அது எப்படிப் படிக்கும்? நேத்து கேட்டது உன் காதுலயே நிக்குது போல."

"ஆமாம், எனக்குக் கண்ணுதான் இல்லன்னு நெனச்சிட்டிருந்தேன். இப்ப காதும் போச்சுன்னு சொல்லு. ரெண்டையும் எடுத்துட்டு ஸ்டோர்ல போய் உக்கார்றேன்."

தங்கைக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். எங்கே தப்பு என்றே தெரியவில்லை. அண்ணன் பொய் சொல்கிறவன் இல்லை. திரையும் பொய் சொல்லாது. பேய் புகுந்துவிட்டதா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது, ப்ரோக்ராம் எழுதுகிறவளுக்கு!

பஸ் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தாள். "ஏன் ரெண்டு பேரும் கத்தறீங்க? இந்தா, நீ அந்த ஸ்கிரீனை அணை."

"அணைச்சா எப்படி அண்ணி வேலை செய்யறது?"

"அவரு எப்படிச் செய்யறாரு? அணைச்சுட்டு, அந்தக் குரலை நம்ம காதுக்குப் புரியற வேகத்துக்குக் குறைச்சு வச்சுக் கேளு. வண்டியில என்ன கோளாறுன்னு நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுச் சொல்றேன். நீ காதுக்கான வேலையைக் கண்ணால பாத்துட்டு இவரைப் போய்ப் பொய்யனாக்கறே."

தங்கை திரையை அணைத்தாள். அண்ணன் குரலின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்தான். என்டர் தட்டினாள். இருட்டுத் திரைக்கு முன்னால் ஒரு குரல் நிதானமாக, சலிப்பே இல்லாமல், ஈக்வல்ஸ், ஈக்வல்ஸ், ஈக்வல்ஸ் என்று முப்பது தடவை சொன்னது. பிறகு மறுபடி முப்பது. ஆறாவது சீட்டு வருவதற்குள் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. இதை மூன்று நாளாக இந்த மனுஷன் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறான்!

அப்போதுதான் தான் செய்த காரியம் புரிந்தது. கோடு போடுவதை அவள் நிறுத்தவே இல்லை. கோடு போட்டு முடித்ததும் திரையைத் துடைக்கச் சொல்லியிருந்தாள், அவ்வளவுதான். துடைப்பதற்கு முன்னால் எழுத்து திரையில் விழுகிறது, விழுந்தவுடன் குரல் அதை எடுத்துக்கொள்கிறது. அவள் மறைத்தது தன் கண்ணுக்கு மட்டும்.

"மன்னிச்சுக்கோண்ணா" என்றாள்.

"காது இருக்குன்னு ஒத்துக்கிட்டா சரி."

படத்தைப் படி என்று லைப்ரரிக்கு உத்தரவு கொடுக்கும் வரியிலேயே, பேசாமல் செய் என்று ஒரு பூஜ்யத்தைச் சேர்க்க இடம் இருக்கிறது. அவளுக்கும் தெரிந்த விஷயம்தான், நேரத்துக்கு நினைவு வந்தால்தானே? பூஜ்யத்தைப் போட்டாள். ஈக்வல்ஸ் ஒழிந்தது.

ஒழிந்ததென்று நிம்மதியாக இருக்க விட்டதா? வியாழக்கிழமை சாயங்காலம் புதிதாக ஒன்று முளைத்தது. ஐந்து சீட்டு படித்ததும், 'போன ஐந்து தடவையும் நான் முதலிலிருந்து தயாராக வேண்டியிருந்தது, இது நேரத்தை வீணாக்கும்' என்று நீளமாக ஒரு குறை. இந்தக் குறையைத் தீர்க்க ஒரு வழி போட்டால் வேறு ஒரு குறை. அதைத் தீர்த்தால் பழையது திரும்பி வந்தது. எதைச் செய்தால் எது நிற்கிறது, எது வருகிறது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. காலையில் பரிசோதனை. மணி ஆறாகிவிட்டது. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தான், முடிந்ததா என்று கேட்கவில்லை. கேட்காததுதான் அவளை இன்னும் படுத்தியது.

திரைக்கு எழுத்து வருவதற்கு இரண்டு வழி உண்டு. கேட்ட பதில் ஒரு வழியாக வரும், புகார் எல்லாம் இன்னொரு வழியாக வரும். சரி, புகார் வழியையே ஒரேயடியாக அடைத்துவிட்டால்? ஒற்றை வரி. எவன் என்ன புலம்பினாலும் அது எங்கேயும் போய்ச் சேராது. அடைத்தாள்.

பழைய சீட்டுகளில் பத்து பெயரைக் கேட்டுப் பார்த்தார்கள். பத்துக்கும் பதில் மட்டும் வந்தது. இரண்டு செகண்ட், மூன்று செகண்ட். வேறு ஒரு சொல் இல்லை.

"அடேயப்பா!" என்று அண்ணன் மேஜையை ஓங்கித் தட்டினான். "வார்டு நாலு. வார்டு பதினொண்ணு. ஆஹா, இதுவல்லவா பேச்சு! இவளைப் பாரு" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். "சாதிச்சுட்டா!"

அண்ணி வந்து தங்கையின் தலையைக் கலைத்துவிட்டாள். தங்கைக்குப் பெருமை பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி. எக்ஸ்சேஞ்ச் அறையில் மூன்று நாற்காலி. நடுவில் காதில் ஹெட்செட்டோடு அண்ணன், பக்கத்தில் போனில் ஸ்டாப்வாட்ச்சைத் திறந்து வைத்துக்கொண்டு அதிகாரி, பின்னால் சுவரோரம் தங்கை. பேச்சு எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டிருந்தார்கள். "நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. ஒரு வார்த்தை சொன்னாலும் கணக்கில்ல" என்று அதிகாரி முன்னாடியே சொல்லிவிட்டார்.

முதல் அழைப்பு. அண்ணனின் விரல் ஓடியது, என்டர், குரல் ஒரு கீற்று. "பதினொண்ணாம் வார்டுங்க. ரெண்டாவது மாடி, லிஃப்ட்டுக்கு இடது பக்கம். பதட்டப்படாம வாங்க." ஒன்பது செகண்ட். அடுத்தது ஏழு. அடுத்தது பன்னிரண்டு, அதுவும் கூப்பிட்டவர் பெயரை இரண்டு தடவை சொன்னதால். அதிகாரி ஒவ்வொன்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார். அண்ணனின் முதுகு நிமிர்ந்துகொண்டே வந்ததைத் தங்கை பின்னாலிருந்து பார்த்தாள். பத்து ஆயிற்று, பதினொன்று, பன்னிரண்டு. அவள் மனசுக்குள்ளேயே விசில் அடித்துக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாவதில் ஒரு பெண் குரல். "சார், எங்கம்மாவைக் கொண்டுவந்திருக்காங்களாம். ரோட்டுல மயங்கி விழுந்துட்டாங்களாம். யாரோ போன் பண்ணிச் சொன்னாங்க. நான் ரொம்ப தூரத்துல இருக்கேன் சார்." மூச்சிரைக்கப் பேசினாள். பெயரைச் சொன்னாள்.

அண்ணன் டைப் செய்தான். என்டர்.

ஒன்றும் வரவில்லை.

மூன்று செகண்ட். ஐந்து செகண்ட். அண்ணன் தலையைச் சாய்த்தான். மறுபடி டைப் செய்து என்டர் தட்டினான். குரல் வரவில்லை. தங்கை எட்டித் திரையைப் பார்த்தாள். அவன் அடித்த பெயர் இருந்தது, அதற்குக் கீழே கர்சர் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். படித்துக்கொண்டிருக்கிறதா? நின்றுபோய்விட்டதா? படித்து முடித்துவிட்டதா? முடித்திருந்தால் ஏதாவது சொல்ல வேண்டுமே. நேற்று பத்துக்குப் பத்து சொன்ன சனியன் இன்று ஏன் ஊமையாக இருக்கிறது?

"சார்? இருக்கீங்களா சார்?" என்றது ஸ்பீக்கர்.

அண்ணன் லேசாகப் பின்னால் முகத்தைத் திருப்பினான். "ஏய், ஓடுதா அது?" என்று உதடு அசையாமல் கேட்டான். தங்கை வாயைத் திறந்தாள். அதிகாரி விரலை நீட்டினார். சொல்ல அனுமதித்திருந்தாலும் அவள் என்ன சொல்லியிருப்பாள்? அவளுக்கே தெரியவில்லை. பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டாப்வாட்ச் இருபதைத் தாண்டியது. இருபத்தைந்து, முப்பது. அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"லைன்லயே இரும்மா. வச்சுடாதே. நான் கேட்டுச் சொல்றேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு, வேறொரு நம்பரைத் தட்டினான்.

"எமர்ஜென்சி" என்றது ஒரு கரகரத்த குரல்.

"சிஸ்டர், எக்ஸ்சேஞ்சு. இன்னும் ஜலதோஷம் போகலையா உங்களுக்கு? காலையில வயசான அம்மா ஒருத்தங்க, ரோட்டுல மயங்கி விழுந்தவங்க வந்தாங்களா?"

"ஆமாம், வந்தாங்க. நினைவு வந்துடுச்சு, நல்லாத்தான் பேசறாங்க. ஏழாம் வார்டுக்கு அனுப்பியாச்சு. ஏன், சீட்டு வரலியா?"

"வந்திருக்கும். படிக்க முடியல போல."

"எப்படி முடியும்? எழுதினது புது டாக்டர். பக்கத்துல நின்ன எனக்கே புரியல."

அண்ணன் அந்தப் பெண்ணிடம் திரும்ப வந்தான். "ஏழாம் வார்டும்மா. அம்மா கண்ணு முழிச்சுப் பேசறாங்களாம். நிதானமா வா, ஓடாதே" என்றான். அந்தப் பெண் நன்றிகூடச் சொல்லாமல் ஓவென்று அழுதாள். அண்ணன் அவள் அழுது முடிக்கும் வரை லைனில் இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு அழைப்பு. எட்டு செகண்டில் முடிந்தது. அதிகாரி ஸ்டாப்வாட்ச்சை அணைத்துத் தாளைப் பார்த்தார்.

"மொத்தம் பதினாலு போன். பதிமூணு ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒண்ணு மட்டும் அம்பத்தாறு செகண்ட்" என்றார். பிறகு தங்கையின் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்திருந்தது. "ஏம்மா, ப்ரோக்ராம் பிரமாதமா இருக்கே. நான் ஒண்ணு கேக்கறேன். இது நேரடியா வெளியில இருந்து கூப்பிடறவங்களுக்கே பதில் சொல்லுமா? நடுவுல ஆள் இல்லாம?"

தங்கைக்குப் பதில் தெரியும். சொல்லும். சொல்ல வைக்க முடியும். ஒரு மாச வேலை. அண்ணனை நாற்காலியில் உட்கார வைக்க அவள் எழுதியது, அண்ணனை நாற்காலியிலிருந்து எழுப்பவும் போதுமானதாக இருந்தது. ஆமாம் என்றால் துரோகம், இல்லை என்றால் பொய். எதைச் சொல்வது?

"அது... வந்து சார்... இப்ப ஒரு தடவை அது சும்மா இருந்துச்சே. அது ஏன்னே எனக்கு இன்னும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றாள்.

ஏன் என்று அப்போது தெரிந்துவிட்டது. கேட்ட பெயர் கிடைக்காமலும், ஏதாவது ஒரு சீட்டு புரியாமலும் போனால், 'ஒரு சீட்டைப் படிக்க முடியவில்லை' என்று சொல்லும்படி அவளே எழுதியிருந்தாள். முறையாக எழுத வேண்டும் என்று அதைப் புகார் வழியில் அனுப்பியிருந்தாள். நேற்று ஆறு மணிக்கு அந்த வழியை அடைத்தவளும் அவளேதான். லைப்ரரியின் வாயை மூடுகிறேன் என்று தன் வாயையும் சேர்த்து மூடிவிட்டாள். ப்ரோக்ராம் சொல்லத்தான் செய்தது, இரண்டு தடவை சொன்னது.

"என் தப்பு சார். படிக்க முடியலன்னு அது சொல்லியிருக்கணும். நான் அதையும் சேத்து அடைச்சுட்டேன்" என்றாள்.

"அப்ப சரி பண்ணிடலாம்ல?"

"பண்ணிடலாம் சார்" என்றான் அண்ணன். அவன் ஹெட்செட்டைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த தடவை, படிக்க முடியலன்னு சொல்லிடும். சொல்லிட்டா, அந்தப் பொண்ணு அப்புறம் யார்கிட்ட சார் கேக்கும்?"

அதிகாரி தாளை எடுத்து மறுபடி பார்த்தார். அந்தப் பெண்ணின் அழைப்புக்கு எதிரே அம்பத்தாறு என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. பிறகு எழுந்து பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"திங்கட்கிழமை வழக்கம் போல வந்துடுங்க."

"எங்க சார்?"

"எங்கன்னா? இங்கதான்."

கதவு சாத்திக்கொண்டது. தங்கை ஓடிப்போய் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பான், இடித்துக் காட்டிக் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் கை இரண்டும் மேஜை மேல் அப்படியே கிடந்தன.

"அண்ணா, அதான் ஜெயிச்சாச்சே. என்னாச்சு?"

"பொறந்ததுல இருந்து எனக்கு இப்படித்தானே?" என்றான் அவன். "கண்ணு இருந்தா எப்படி இருக்கும்னே தெரியாது. அதனால ஒரு நாளும் அதை ஒரு குறையா நெனச்சதில்ல. சத்தியமா சொல்றேன். இன்னிக்கு அந்த அரை நிமிஷம், அது ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியல. நீ பின்னாடி இருக்கே, அவரு பக்கத்துல இருக்காரு. ரெண்டு பேரும் பாத்துட்டிருக்கீங்க, எனக்கு மட்டும் தெரியலன்னு நெனச்சேன். இந்த நாற்காலியில உக்காந்து இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா, ஐயோ நான் குருடன்னு தோணிடுச்சு."

தங்கை அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"எங்களுக்கும் ஒண்ணும் தெரியலண்ணா" என்றாள்.

"என்ன?"

"ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல. ஓடுதா நின்னுடுச்சான்னு எனக்கும் தெரியல. அவருக்கும் தெரியல. மூணு பேரும்தான் முழிச்சுக்கிட்டிருந்தோம்."

அண்ணன் அவள் பக்கம் முகத்தைத் திருப்பினான். "நிஜமாவா? எனக்காகச் சொல்லாதே."

"நிஜமா."

"அவரும் முழிச்சாரா?"

"திருதிருன்னு முழிச்சாரு."

அவன் அவள் கையைத் தேடிப் பிடித்து, கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தான். மேஜையில் போன் அடித்தது. கையை விட்டுவிட்டு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, புகார் வழியை அடைத்த அந்த ஒற்றை வரியை எடுக்க உட்கார்ந்தாள்.